முப்பது மீட்டர் தூரத்து மனிதன்

28 மில்லிமீட்டர் உயரமுள்ள பொம்மையை மேசைமேல் அரை மீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பதும், தெருவில் முப்பது மீட்டர் தள்ளி நிற்கிற ஆளைப் பார்ப்பதும் கண்ணுக்கு ஒரே அளவுதான். கணக்கு எளிது. சராசரி ஆளை அறுபதில் ஒன்றாகச் சுருக்கினால் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். அரை மீட்டரை அறுபதால் பெருக்கினால் முப்பது மீட்டர். அவ்வளவு தூரத்தில் நிற்பவரின் புருவம் தெரியாது. சட்டைப் பொத்தான் தெரியாது. கோபமாக இருக்கிறாரா, யோசனையில் இருக்கிறாரா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சின்ன உருவத்தைக் கையில் எடுக்கிறவர்கள் புருவம், பொத்தான், கோபம் எல்லாம் தெரியவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

மினியேச்சர் உருவங்களைச் செய்து வண்ணம் தீட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு அவர்கள் செய்வது, கண்ணால் பார்க்க முடிவதற்கும் மனம் பார்க்க விரும்புவதற்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறைக்கும் வேலை. எதைப் பெரிதாக்கலாம், எதை விட்டுவிடலாம், இல்லாத நிழலை எங்கே வைக்கலாம் என்பதில்தான் அவர்களுடைய திறமை முழுவதும் இருக்கிறது. மனிதனை அப்படியே சுருக்கிவிட்டால் போதும் என்று நினைத்துத் தொடங்குகிற எல்லோரும் முதல் உருவத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏன் என்பதற்குக் கண்ணையே எடுத்துக்கொள்ளலாம். மனிதக் கண்ணின் திறப்பு சுமார் 30 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் உயரம். அறுபதில் ஒன்றாக்கினால் அகலம் அரை மில்லிமீட்டர், உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு. விரலின் பருமனும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு வந்துவிடும். வார்க்கும்போது உலோகம் அந்த இடுக்குக்குள் எளிதில் ஓடாது, ஓடினாலும் தொட்டதும் ஒடியும். ஆகவே சிற்பிகள் தலையையும் கைகளையும் ஆயுதங்களையும் வேண்டுமென்றே பெரிதாகச் செய்கிறார்கள். இந்தத் துறையில் இதை ‘ஹீரோயிக்’ அளவு என்கிறார்கள். பக்கத்தில் வைத்து அளந்தால் அந்த வீரனுக்குப் பூசணித் தலை. கை நீட்டும் தூரத்தில் பார்த்தால் தலை சரியாக இருக்கிறது, முகமும் பேசுகிறது.

இந்த உருவங்களின் அளவுகள் எல்லாம் யோசித்து வகுக்கப்பட்டவை என்று நினைத்துவிட வேண்டாம். பொம்மைச் சிப்பாய்களின் 54 மில்லிமீட்டர் அளவு, அக்காலத்துப் பொம்மை ரயிலின் பக்கத்தில் வைத்தால் பொருந்தவேண்டும் என்பதற்காக வந்தது. பிளாஸ்டிக் ராணுவ மாதிரிகளில் இன்று கோலோச்சும் 1/35, ஜப்பானின் தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் செய்த பாந்தர் டாங்கியில் இருந்து வந்தது. மோட்டாரும் பேட்டரிகளும் உள்ளே அடங்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள். அந்த அளவே நிலைத்துவிட்டது. 1970களில் 25 மில்லிமீட்டராக இருந்த விளையாட்டு உருவங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து 28 ஆகி, இன்று சில நிறுவனங்களில் 32-ஐத் தாண்டிவிட்டன. முகத்தில் இன்னும் கொஞ்சம் விவரம் வேண்டும் என்ற ஆசைதான் அவற்றை வளர்க்கிறது.

ஒளியும் நிழலும் தீட்டும் பழக்கத்துக்கு வேர் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்தில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹில்பெர்ட் குடும்பத்தார் அங்கே வெள்ளீயத்தில் தட்டை உருவங்களை வார்த்தார்கள். உருவத்தின் இரண்டு பக்கத்தையும் இரண்டு பலகைக்கற்களில் எதிர்மறையாகச் செதுக்கி, இரண்டையும் சேர்த்துப் பிடித்து, உருக்கிய உலோகத்தை ஊற்றினால் கனமே இல்லாத ஒரு சிப்பாய் வெளியே வருவான். எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் 1839-இல் அதே ஊரில் தொழிலைத் தொடங்கி, பிறகு உருவத்தின் உயரத்தைச் சுமார் 30 மில்லிமீட்டர் என்று ஒழுங்குபடுத்தினார். மற்றவர்களும் அதையே பின்பற்ற, வெவ்வேறு பட்டறைகளில் வார்த்த சிப்பாய்கள் ஒரே படையாக நிற்க முடிந்தது. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் சிறுவர் கதையில் வரும் ஒற்றைக்கால் சிப்பாய் இந்தக் கால ஐரோப்பாவின் பிள்ளைதான். பழைய ஸ்பூனை உருக்கி வார்த்த இருபத்தைந்து பேரில் கடைசி ஆளுக்கு மட்டும் உலோகம் போதவில்லை.

தட்டை உருவத்துக்குப் பருமன் கிடையாது. மூக்கு முன்னால் வந்திருக்கிறது, மார்பு வளைந்திருக்கிறது, துணி மடிந்திருக்கிறது என்பதையெல்லாம் தூரிகைதான் சொல்லியாக வேண்டும். மேல்பக்கம் வெளிச்சம், கீழ்ப்பக்கம் நிழல் என்று ஓவியர் திரைச்சீலையில் செய்வதை இவர்கள் மெல்லிய உலோகத் தகட்டில் செய்தார்கள். முழு வடிவச் சிலைகளுக்கு நிழல் தானாக விழும், அவற்றுக்கு எதற்கு இந்தப் பாடு என்று தோன்றலாம். அறை வெளிச்சம் நாலாபக்கமும் சிதறி வருகிறது. உருவத்தின் மடிப்புகளோ கண் பிரித்துப் பார்க்கும் எல்லைக்கு அருகில் இருக்கின்றன. விழுகிற நிழல் கண்ணுக்கு வந்து சேர்வதற்குள் மங்கிவிடுகிறது. ஆகவே தட்டை உருவக்காரர்களின் வித்தை பிற்காலத்தில் முழு உருவங்களுக்கும் தேவைப்பட்டது. பவேரியாவில் குல்ம்பாக் ஊரின் பிளாசென்பர்க் கோட்டையில் இந்த வெள்ளீய உருவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே மூன்று லட்சம் உருவங்கள் இருக்கின்றன. ஐரோப்பா பக்கம் போகிறவர்கள் பெரிய நகரங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் அங்கேயும் ஒரு நாள் ஒதுக்கலாம்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1893-இல் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்கூடு வார்ப்பைக் கண்டுபிடித்தது. அச்சில் ஈயக் கலவையை ஊற்றி, அச்சின் சுவரை ஒட்டிய பகுதி இறுகியதும், நடுவில் இன்னும் உருகிய நிலையில் இருப்பதைத் திருப்பி ஊற்றிவிடுவார்கள். உலோகச் செலவு குறைந்தது, எடை குறைந்தது, விலையும் குறைந்தது. அந்தச் சிப்பாய்களுக்குப் பளபளக்கும் சிவப்புச் சட்டையும் கன்னத்தில் இளஞ்சிவப்புப் பொட்டும் தவிர வேறு அலங்காரம் கிடையாது. குழந்தைக்கு அது போதும். எழுத்தாளர் ஹெச்.ஜி.வெல்ஸுக்கும் அது போதுமானதாக இருந்தது: 1913-இல் வெளியான ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் இந்தச் சிப்பாய்களையும், மரக்குண்டைச் சுடும் பொம்மைப் பீரங்கியையும் வைத்துப் பெரியவர்கள் தரையில் படுத்து விளையாடுவதற்கு விதி வகுத்தார். பொம்மைப் போர் விளையாட்டு பெரியவர்களின் பொழுதுபோக்காகப் பரவ அந்த நூல் பெரிய காரணம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வேலையை அதற்கு முன்பே ஒருவர் செய்து முடித்திருந்தார். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் சிபோர்ன், வாட்டர்லூ போரை மாதிரியாகச் செய்யும் பணியை 1830-இல் ஏற்று, போர் நடந்த இடத்தில் உள்ள பண்ணைவீட்டில் மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார். போரில் நின்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டார். 1838-இல் லண்டனில் காட்சிக்கு வந்தபோது அதில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி உருவங்கள் இருந்தன. அரசு பணத்தை நிறுத்திவிட்டதால் சொந்தக் கடனில் முடித்தார். பிரஷ்யப் படைக்கு அவர் கொடுத்த இடம் வெலிங்டன் பிரபுவின் தரப்புக்குப் பிடிக்கவில்லை, அதுவும் பெரிய சர்ச்சை. அவருடைய சிப்பாய்களுக்கு முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேலே நின்று பார்க்கிறவருக்குப் படையின் நகர்வு தெரியவேண்டும், தனி மனிதனின் முகம் தேவையில்லை என்று முடிவெடுத்தார். எதை விடவேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்திருந்த கைவினைஞர் என்று அவரைச் சொல்லலாம். அந்த மாதிரி இன்றும் லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்று இந்தப் பொழுதுபோக்கின் தலைநகரம் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம். 1974-இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ விளையாட்டு, சிப்பாய்களின் பக்கத்தில் மந்திரவாதியையும் பூதத்தையும் நிறுத்தியது. 1975-இல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனமும், அதன் துணையோடு உருவான சிட்டாடல் மினியேச்சர்ஸும் அந்த அலையில் வளர்ந்து, 1983-இல் ‘வார்ஹேமர்’ விளையாட்டைக் கொண்டுவந்தன. பிறகு எல்லாம் நாட்டிங்ஹாமில் வந்து சேர்ந்தது. அங்கிருந்து விலகிய சிற்பிகளும் மேலாளர்களும் அக்கம்பக்கத்திலேயே சொந்த நிறுவனங்களைத் தொடங்க, அந்த வட்டாரத்துக்கு ‘ஈய வட்டாரம்’ என்ற செல்லப்பெயரே வந்துவிட்டது. 2024 டிசம்பரில் கேம்ஸ் ஒர்க்ஷாப் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலில் நுழைந்தது. வண்ணம் தீட்டாத பிளாஸ்டிக் வீரர்களை விற்கும் ஒரு நிறுவனம் வங்கிகளுக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் நடுவே போய் உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஊரின் சிற்பிகளில் இரட்டையர்களான மைக்கேல் பெரியும் ஆலன் பெரியும் தனித்துப் பேசப்பட வேண்டியவர்கள். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ திரைப்படங்களை ஒட்டிய விளையாட்டு உருவங்கள் பலவற்றைச் செதுக்கியவர்கள். வரலாற்றுப் போர்களின் மீது தீராத பற்று உள்ளவர்கள். 1996-இல் பிரான்ஸில் பழைய போரை நடித்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்றில் பீரங்கி வெடித்த விபத்தில் மைக்கேல் தன் வலக்கையை இழந்தார். அவர் செதுக்கிக்கொண்டிருந்தது அந்தக் கையால்தான். இடக்கையால் செதுக்கப் பழகிக்கொண்டு, அதே தரத்தில் வேலையைத் தொடர்ந்தார். கால் மில்லிமீட்டரில் கண்ணிமை வைக்கிற வேலை இது என்பதை நினைத்தால், அந்தப் பழக்கத்துக்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்று புரியும்.

செதுக்குவது என்று சொன்னாலும் உளிக்கு இங்கே வேலை இல்லை. வளைத்த கம்பிதான் எலும்புக்கூடு. அதன்மேல் எபாக்ஸி பட்டியை வைத்து வைத்து உருவத்தை வளர்க்கிறார்கள். சிற்பிகள் அதிகம் நம்புவது ‘கிரீன் ஸ்டஃப்’ என்ற பட்டி. நீலமும் மஞ்சளுமாக வரும் இரண்டு பட்டைகளைப் பிசைந்தால் பச்சையாகிவிடும். மஞ்சள் கூடினால் இளகலாகவும் ஒட்டும் தன்மையோடும் இருக்கும், நீலம் கூடினால் கெட்டியாகும். இரண்டு நிறமும் தொட்டுக்கொண்டிருக்கும் கோட்டில் பொதியிலேயே இறுகியிருக்கும். அதை வெட்டி எறியாமல் பிசைந்தால் முகத்தின் நடுவே கட்டி வந்து நிற்கும். பிசைந்தபின் ஒன்றரை மணி நேரம்வரை கை வேலைக்கு இணங்கும். வெயில் காலத்தில் அதற்கும் முன்பே இறுகத் தொடங்கும். பல் மருத்துவர் கருவிகள், தையல் ஊசி, ரப்பர் முனைத் தூரிகை, ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் தண்ணீர் அல்லது வாசலின். பட்டறை இவ்வளவுதான்.

நம் கடைகளில் எங்கும் கிடைக்கும் எம்-சீல் இதே குடும்பம்தான். ஆனால் அது குழாய் ஒழுகலை அடைக்கப் பிறந்தது: சீக்கிரம் இறுகும், துகள் பெரிது. உடற்கூட்டின் உள்பருமனுக்கும் பாறை, மண் போன்ற அடித்தளத்துக்கும் மிக நன்றாக உதவும். முகத்துக்கு அது வேண்டாம்.

ஒரே அமர்வில் உருவத்தை முடிக்க முடியாது. இன்று காலுக்கு வைத்த பட்டி இறுகாமல் மேலே கால்சட்டை மடிப்பை வைத்தால் விரல் பட்டுக் கால் நசுங்கும். ஆகவே இன்று கால், நாளை கால்சட்டை, மறுநாள் மேலங்கி, அதற்கடுத்த நாள் கை. தினம் கொஞ்சமாக உட்காரச் சொல்வது அந்தப் பட்டிதான். மனிதனின் மன உறுதிக்கு இதில் பெரிய பங்கு இல்லை. விடுமுறை நாளில் எட்டு மணி நேரம் மூச்சைப் பிடித்து உட்காருகிறவரைவிட, நாள்தோறும் முக்கால் மணி நேரம் கொடுக்கிறவர் முன்னால் போவது இதனால்தான். வேலைக்குப் போகிறவர்களுக்கும் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டாருக்கும் இவ்வளவு ஒத்துப்போகும் கலை வேறு அதிகம் இல்லை.

பச்சை உருவத்தைப் பல நூறாகப் பெருக்க, சிற்பத்தை இரண்டு ரப்பர் வட்டுகளுக்கு நடுவே வைத்து வெப்பமும் அழுத்தமும் கொடுத்து அச்சாக்குவார்கள். அச்சைச் சுழற்றிக்கொண்டே உருக்கிய வெள்ளீயக் கலவையை ஊற்றினால் அது மூலைமுடுக்கெல்லாம் ஓடிவிடும். இந்த அழுத்தத்தைத் தாங்குகிற எபாக்ஸிதான் சிற்பிகளின் முதல் தேர்வானது. பிளாஸ்டிக் உருவங்களுக்கு எஃகு அச்சு வேண்டும். ரப்பர்போல் அது வளைந்து கொடுக்காது. உட்புறம் வளைந்த எதுவும் அதில் சிக்கிக்கொள்ளும், ஆகவே ஒரே ஆளைத் தலை, கை, உடல் என்று பிரித்து வார்க்கிறார்கள். சிற்பிகள் பெரும்பாலும் கணினிக்கு மாறிவிட்ட இன்றும் பழைய சிக்கல் விடவில்லை. திரையில் பெரிதாக்கிப் பார்த்து நுணுக்கமாகச் செதுக்கிய தோல் சுருக்கம், முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டு வந்தால் வெறும் சொரசொரப்பாக நிற்கிறது. முப்பது மீட்டர் கணக்கை மறந்துவிட்டால் கணினியும் கைகொடுக்காது.

இனி வண்ணம். முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு. பலர் உருவம் முழுதும் கறுப்பு அடித்து, மேலிருந்து மட்டும் வெள்ளையைத் தூவுகிறார்கள். உச்சி வெயிலில் நிற்கிற ஆளின் ஒளியும் நிழலும் அப்படியே பதிந்துவிடும். பிறகு பூசும் மெல்லிய வண்ணங்களுக்கு அது வரைபடம். மழைக்காலத்து ஈரக்காற்றில் ஸ்பிரே அடித்தால் பொடிப்பொடியாகப் படியும், மங்கல் வார்னிஷ் வெளுத்துப்போகும்; நம் ஊர் கடற்கரை நகரங்களில் இருப்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும், அல்லது தூரிகையாலேயே பிரைமர் பூசிக்கொள்ள வேண்டும். அடுத்து அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீரில் கரைத்து மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை. ஒரே தடவை தடிமனாகப் பூசினால் சிற்பி பாடுபட்டு வைத்த கண்ணிமை மூழ்கிவிடும். பள்ளங்களில் நீர்த்த கரும்பழுப்பை ஓடவிடுவார்கள். மேடுகளுக்கு, தூரிகையைத் துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு லேசாக உரசுவார்கள். 2019-இல் சிட்டாடல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வண்ணங்கள் பள்ளத்தில் அடர்த்தியாகவும் மேட்டில் வெளிறியும் தானாகப் படிகின்றன. புதியவர்களுக்கு அது உண்மையான வரம்.

தோலில்தான் ஒருவரின் கை தெரியும். நெற்றியில் மஞ்சள் சாயல், மூக்கு கன்னம் காது பக்கம் சிவப்பு, ஆண்களின் தாடையில் கொஞ்சம் நீலம் கலந்த சாம்பல். வெண்விழிக்குத் தூய வெள்ளை வைத்தால் உருவம் பயந்துபோனதுபோல் விழிக்கும். தந்த நிறம் போதும். பார்க்கும் தூரம் அதிகம் என்றால் கண்ணுக்கு ஒரு கருங்கோடு மட்டும் வைத்துவிட்டு நகர்கிறவர்கள்தான் புத்திசாலிகள். நம் மரபில் சிற்பி கடைசியாகத்தான் கண் திறப்பார். மினியேச்சர்காரர்களில் பலர் முதலிலேயே கண்ணை முடித்துவிடுகிறார்கள்: தவறினால் சுற்றியுள்ள தோலைத் திரும்பப் பூசி மறைத்துக்கொள்ளலாம் என்ற நடைமுறைக் காரணம்தான்.

தூரிகை விஷயத்தில் புதியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் பணத்தை விடுகிறார்கள். சின்ன உருவத்துக்குச் சின்ன தூரிகை என்று மூன்று சுழி எண் வாங்கிவிடுகிறார்கள். அதில் வண்ணம் நிற்கவே இடமில்லை. உருவத்துக்குக் கொண்டுபோவதற்குள் முனையில் காய்ந்துவிடும். தேர்ந்தவர்கள் 1 அல்லது 2-ஆம் எண்ணைப் பிடிக்கிறார்கள், வயிறு பருத்து முனை கூராக இருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. விக்டோரியா மகாராணிக்காக 1866-இல் வின்சர் அண்டு நியூட்டன் செய்த ‘சீரிஸ் 7’ தூரிகை, கோலின்ஸ்கி என்ற சைபீரிய மரநாய் இனத்தின் வால்முடியால் ஆனது; இன்றும் பலருக்கு அதுதான் அளவுகோல். செயற்கை முடித் தூரிகையும் பழகுவதற்குத் தாராளமாகப் போதும். முனை கூராக்க வாயில் வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். சில வண்ணங்களில் நச்சு உலோகங்கள் உண்டு. பழைய ஈய உருவங்களையும் பிசினில் வார்த்த உருவங்களையும் உப்புத்தாளால் தேய்க்கும்போது நீர் தொட்டுத் தேய்த்து, முகக்கவசம் அணிவது கட்டாயம்.

ஒளியை முழுக்கத் தன் கைக்குள் கொண்டுவந்தவர் சிகாகோவின் ஷெப்பர்ட் பெயின். 1970களில் மோனோகிராம் என்ற பிளாஸ்டிக் மாதிரி நிறுவனத்தின் விமான மாதிரிப் பெட்டிகளுக்குள் அவருடைய காட்சிமாதிரிப் படங்களும் குறிப்புகளும் இருந்தன. ஒரு தலைமுறையே அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. 1980-இல் வெளியான அவருடைய நூல் இன்றும் பாடப்புத்தகம்போல் பயன்படுகிறது. பின்னாளில் அவர் உருவங்களைப் பெட்டிக்குள் வைத்து, உள்ளேயே சிறு விளக்குகளைப் பொருத்தி, ஒரு சன்னல் வழியாக மட்டும் பார்க்கும்படி செய்தார். எங்கே நின்று பார்ப்பது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதைப் பார்க்கிறவரின் விருப்பத்துக்கு விடாமல் தானே தீர்மானித்துவிட்டார். மற்றவர்கள் தூரிகையால் போட்ட நிழலை அவர் விளக்கால் போட்டார். 2015-இல் மறைந்தார்.

இந்தியாவில் இறக்குமதி உருவங்களின் விலை கையைக் கடிக்கும் என்பது உண்மை. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கொலுப் படிக்கு வராமல் பரணில் கிடக்கும், வண்ணம் உரிந்த மண்பொம்மை ஒன்றை இறக்குங்கள். தூசி தட்டி, உரிந்த இடத்தை மெல்லிய உப்புத்தாளால் சமன் செய்து, பிரைமராக வெள்ளை அக்ரிலிக் பூசுங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்று ஆறு நிறம், ஒரு 2-ஆம் எண் தூரிகை, ஒரு மேசை விளக்கு. மூடியுள்ள ஒரு டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சை வைத்து மேலே பேக்கிங் தாளைப் போட்டால் வண்ணம் மணிக்கணக்கில் காயாது. முதல் வாரம் துணி மடிப்பில் நிழல் மட்டும் பழகுங்கள், முகத்தைத் தொடவேண்டாம். தினமும் அரை மணி நேரம் ஒதுக்கி, முடித்த பொம்மையை எடுத்து வைத்துவிட்டு உடனே அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் முடிந்தபின் மூன்றையும் பக்கத்தில் வைத்து, கை நீட்டும் தூரத்தில் இருந்து பாருங்கள்.